தளபதியின் தயார் வாள்

பாளையத்துப் படைத் தலைமையகத்தைப் பார்வையிட ராஜா வந்திருந்தார். தளபதி உக்கிரபாண்டியன் இடுப்பு வாளைத் தட்டிக்கொண்டார்.

"எங்க பாட்டன் போருக்குக் கொண்டுபோன வாள், மகாராஜா. எந்நேரமும் தயார்."

பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த சமையற்காரன் அங்குசாமி சிரித்துவிட்டான்.

"சிரிக்கிறியா? பொழுது சாயறதுக்குள்ள இந்த வாளை எங்கிட்டேருந்து எடுத்துக் காட்டு. இல்லேன்னா முதுகுத்தோலை உரிச்சிடுவேன்."

"பொழுது எதுக்குங்க சாயணும்? இப்பவே உருவிப் பாருங்க."

தளபதி உருவினார். வாள்பிடியின் முனையில் தோசைத்திருப்பி கட்டியிருந்தது.

"வாள் எங்கேப்பா?" என்றார் ராஜா.

"போன ஆடியிலேயே எடுத்துட்டேன் மகாராஜா. அடுக்களையில தினமும் பூசணிக்காய் வெட்டுது. இந்தப் படையில எந்நேரமும் தயாரா இருக்கிற வாள் அது ஒண்ணுதான்."

அன்று பந்தியில் முதல் இலை அங்குசாமிக்கு. ராஜா உத்தரவுப்படி தோசை பரிமாறியவர் தளபதி, அதே பாட்டன் பிடியைப் பிடித்து.