முதல்வருக்கு மட்டும் புது பைத்தான்

"ஒரே சர்வரில் மூணு வெர்ஷன் பைத்தானா? இது சர்வரா, சத்திரமா?" என்று கல்லூரி முதல்வர் ஞானசிகாமணி கத்திய கத்தலில் பரீட்சைப் பிரிவே எழுந்து நின்றது. "புதுசு மட்டும்தான் இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு நீ இருக்கமாட்டே!"

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியை செம்மலர். பைத்தான் என்கிற கணினி மொழியின் பழைய வெர்ஷனுக்கு எழுதிய புரோகிராம் புதியதில் ஓடாது என்று ஆறு மாதமாகச் சொல்கிறாள். மனுஷர் காதில் வாங்கினால்தானே!

"சரி சார். முதல்ல யார் லாகின்ல பழசை எடுக்கட்டும்?"

"என்னுடையதில்! நான்தான் எல்லாருக்கும் முன்மாதிரி."

அப்படியே செய்தாள்.

மறுநாள் தாளாளர் வந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் கையால் எழுதிய மதிப்பெண் புரோகிராமை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிற மாதிரி, அவருக்கும் காட்ட உட்கார்ந்தார் முதல்வர். திரை முழுக்கப் பிழைச் செய்தி.

"சர்வரையே கெடுத்துட்டா, சார்!" என்று தாளாளரிடம் செம்மலரைக் கைகாட்டினார்.

"இல்லையே சார், மத்தவங்களுக்கு நல்லா ஓடுதே." கிளார்க்கின் லாகினில் அதே புரோகிராமை ஓட்டிக் காட்டினாள் செம்மலர். "உங்களுக்கு மட்டும்தான் புதுசு. மீதிப் பேருக்கும் இன்னிக்கே மாத்திடட்டுமா?"

தாளாளர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில், "எனக்கும் பழசையே போட்டுக் கொடும்மா" என்று முதல்வர் முணுமுணுத்தது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை.