குழாயும் என்னுது, வீடியோவும் என்னுது

ஒரே ஒரு ஊர்ல, கொம்படின்னு பேரு அந்த ஊருக்கு, இருளாயி இருளாயின்னு ஒரு ஆடு மேய்க்கிறவ இருந்தாளாம். புருஷன் செத்துப் போயிட்டான், பிள்ளை குட்டி கிடையாது, முப்பது ஆடும் ஒரு செல்போனும்தான் அவ குடும்பம். ஆடு பண்ற சேட்டையெல்லாம் அந்தப் போன்ல புடிச்சு, ‘இருளாயி ஆட்டுக்கூட்டம்’னு சேனல் வச்சுப் போடுவா. அவ புருஷன் கிடாக்கிட்ட முட்டு வாங்கி வரப்புல விழுந்து சிரிச்ச சிரிப்பும் அந்தச் சேனல்லதான் இருந்துச்சு. அந்த மனுஷன் குரல் வேற எங்கயும் கிடையாது, பழைய போன் கிணத்துல விழுந்து அதோட போச்சு.

அந்த ஊருக்கு ராஜா கணக்கா ஒரு தலைவர் இருந்தாரு, கோட்டைச்சாமின்னு பேரு. அவர் ஊருக்குத் தண்ணித் தொட்டி கட்டுனாரு. கட்டிட்டு ஒரு வீடியோவும் எடுத்துத் தன் சேனல்ல போட்டாரு. பூ மழை பொழியுது, அவரு மெதுவா மெதுவா நடந்து வர்றாரு, பின்னால பாட்டு: ‘வந்தாரய்யா கோட்டைச்சாமி, வான மழையைக் கொண்டாந்தாரய்யா!’ பாட்டு எழுத ஆளு, பாட ஆளு, பூ தூவ ஆளு, எல்லாம் உண்டு. தெருமுனையில வச்ச குழாய்ல தண்ணி மட்டும் இல்ல. ஏன்னா தொட்டிக்கும் தெருவுக்கும் நடுவுல குழாயே பதிக்கல! பொம்பளைங்க பழையபடி மூணு மைல் நடந்து ஊத்துத் தோண்டித் தண்ணி எடுத்தாங்க.

இருளாயி பார்த்தா. அவளோட பெரிய கிடாவுக்கு மாலை போட்டா, வெறுங்குடத்தை முன்னால வச்சா, தலைவர் பாட்டைப் போட்டுவிட்டா. கிடா மெதுவா மெதுவா நடந்து வந்துச்சு, குடத்துக்குள்ள எட்டிப் பார்த்துச்சு, ஒண்ணும் இல்லைன்னு குடத்தை ஒரு உதை உதைச்சுட்டு மாலையைத் தின்னுருச்சு. ஏய், மெதுவா சிரிங்கடா, இன்னும் இருக்கு. அதை அப்படியே புடிச்சுச் சேனல்ல போட்டா. ஊரே சிரிச்சுச்சு, பக்கத்து ஊரும் சிரிச்சுச்சு.

கோட்டைச்சாமி சிரிக்கல. "என் பாட்டைத் திருடிட்டா"ன்னு வீடியோ கம்பெனிக்குப் புகார் எழுதுனாரு. கம்பெனிக்காரன் வீடியோவைச் சேனல்ல இருந்து தூக்கிட்டான்.

சரின்னு இருளாயி அடுத்தது போட்டா. இந்தத் தடவை பாட்டை எடுக்கல, அந்த மெட்டுல அவளே பாடுனா: ‘வந்தாரய்யா கோட்டைச்சாமி, வெறுங்குடத்தைத் தந்தாரய்யா!’ அதுக்கும் புகார். அதையும் தூக்கிட்டான்.

இருளாயி இ-சேவை மையத்துல வேலை பார்க்கிற நசீமாகிட்டப் போனா.

"அக்கா, அடுத்தவங்களுதை முழுசாத் தூக்கிட்டு வந்து நம்மளுதுன்னு போட்டா அது திருட்டு. கேலி பண்றதுக்கு, குறை சொல்றதுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டா அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. பதில் எழுதிப் போடுவோம். ஆனா மூணாவது புகார் வந்துச்சுன்னா சேனலையே மூடிருவான், பார்த்துக்கோ."

பதில் எழுதிப் போட்டாங்க. கம்பெனிக்காரன்கிட்ட இருந்து ஒரு சத்தத்தையும் காணோம்.

அப்புறம் இருளாயி யோசிச்சு யோசிச்சு மூணாவது எடுத்தா. பாட்டு இல்ல, மெட்டு இல்ல, தலைவர் பேரும் இல்ல. தெருமுனைக் குழாயைத் திறந்தா, அவ்வளவுதான். குழாய் ‘புஸ்ஸு’ன்னுச்சு. உள்ள இருந்து ஒரு பல்லி எட்டிப் பார்த்துச்சு. முப்பது ஆடும் பல்லியையே பார்த்துச்சுங்க. முடிஞ்சு போச்சு.

"இதுல அவருது என்னடி இருக்கு?"ன்னா இருளாயி.

"ஒண்ணுமே இல்லக்கா"ன்னா நசீமா.

கோட்டைச்சாமிக்குத்தான் புகார் எழுதிக் கை பழகிப் போச்சே! பார்த்தாரோ பார்க்கலையோ, எழுதிட்டாரு. விடிஞ்சு பார்த்தா சேனலே இல்ல. ஆடு இல்ல, குட்டி இல்ல, புருஷன் சிரிப்பும் இல்ல. இருளாயி இ-சேவை மைய வாசல்ல உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதா.

"அவரு செத்தப்பக்கூட நான் இப்படி அழுகலடி."

நசீமாவுக்கும் கண்ணு கலங்கிருச்சு. "இரு அக்கா, அந்த ஆளு என்னதான் எழுதியிருக்காருன்னு பார்ப்போம்"னு கம்பெனிக்காரன் அனுப்பி வச்ச புகார் நகலைத் திறந்து படிச்சா. ‘இந்த வீடியோ முழுக்க என் சொந்தப் படைப்பு. இது சத்தியம். இப்படிக்கு, கோட்டைச்சாமி.’

இருளாயி அழுகையை நிறுத்திட்டா. "இன்னொரு தடவை படி." நசீமா படிச்சா. "இன்னும் ஒரு தடவை படி." படிச்சா. இருளாயி மூக்கைச் சிந்திட்டு, "அதை ஒரு பேப்பர்ல எடுத்துக் குடு, என் போன்ல இருக்கிற அந்தப் பல்லி வீடியோவையும் உன் போன்ல ஏத்தி வை"ன்னா.

அந்த வாரமே கிராம சபைக் கூட்டம். வட்டார வளர்ச்சி அதிகாரியா ஒரு அம்மா வந்திருந்தாங்க. இருளாயி எந்திரிச்சுக் கும்பிட்டா.

"தலைவரய்யா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்தப் பல்லி வீடியோ யாருதுங்க?"

சபையில விட்டுக் கொடுக்க முடியுமா? மீசையைத் தடவிட்டு, "என்னுதுதான்! தொட்டியும் என்னுது, குழாயும் என்னுது, வீடியோவும் என்னுது!"ன்னாரு.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா."

"என்ன யோசிக்கிறது? சத்தியம் பண்ணி எழுதியே குடுத்திருக்கேன்!"

இருளாயி பேப்பரையும் போனையும் அதிகாரியம்மா கையில குடுத்தா. அந்தம்மா பார்த்தாங்க. புஸ்ஸு, பல்லி, ஆடு. சிரிப்பை அடக்கிக்கிட்டு ஒரு ஃபைலைப் புரட்டுனாங்க.

"தலைவரே, வீட்டுக்கு வீடு தண்ணி வருதுன்னு நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் இது. தண்ணி வரலைன்னு நீங்களே எடுத்த வீடியோ இது. ரெண்டுல எது பொய்?"

கோட்டைச்சாமி பட்டுன்னு பேச்சை மாத்துனாரு. "அம்மா, அந்த வீடியோ என்னுது இல்லங்க!"

"அப்போ பொய்ச் சத்தியம் பண்ணுனீங்களா?"

"இல்லங்க, என்னுதுதான்!"

"அப்போ தண்ணி வரலையா?"

அந்தப் பக்கமும் போக முடியல, இந்தப் பக்கமும் போக முடியல. ஊரே பார்த்துக்கிட்டு நிக்குது. கடைசியில அங்கனயே உட்கார்ந்து, மூணு புகாரையும் வாபஸ் வாங்குறேன்னு நசீமா போன்லயே எழுதிக் குடுத்தாரு. ‘இருபது நாள்ல சொந்தச் செலவுல குழாய் பதிக்கணும், இல்லைன்னா பொய்க் கையெழுத்துக்கு வழக்கு’ன்னு அதிகாரியம்மா எழுதி வாங்கிட்டாங்க. பொய்ப் புகார் குடுத்தவருன்னு கம்பெனிக்காரன் அவர் சேனலை மூடிட்டான். பூ மழையெல்லாம் அதோட போச்சு. ரெண்டு நாள் கழிச்சு இருளாயி சேனல் திரும்பி வந்துச்சு. வந்ததும் அவ மொதல்ல போட்டுப் பார்த்தது எதை? ஆமா, அந்தச் சிரிப்பைத்தான்.

பத்தொன்பதாம் நாள் கோட்டைச்சாமியே மண்வெட்டியைப் புடிச்சுக் குழி தோண்டிக்கிட்டு இருந்தாரு. அந்தப் பக்கம் இருளாயி ஆடு ஓட்டிட்டு வந்தா. அவரு பதறிப் போயி, "ஆத்தா, இதையும் வீடியோ எடுத்துராத"ன்னாரு.

"நான் எதுக்குய்யா எடுக்கணும்? எடுத்தா உங்களுதும்பீங்க"ன்னுட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா.

அதனால என் கண்ணுகளா, ஒருத்தன் பொருளை எடுத்துட்டு என்னுதுன்னு சொல்லாதீங்க. உங்களைக் கேலி பண்ணுனா, வாயை மூடப் பார்க்காம என்ன தப்புப் பண்ணுனோம்னு பாருங்க. சொன்னவளுக்கு வாய் வலிச்சுது, கேட்டவங்களுக்குக் காது நிறைஞ்சுது, கதை அம்புட்டுத்தான்.