கற்பூர டப்பாவுக்குள் மிளகு வந்த கதை

அந்தக் காலத்தில், கல்லும் கொடியும்கூட வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, மலைக்காட்டில் கற்பூரம் என்றொரு வெள்ளைப் பாறை இருந்தது. பாறை என்பது பார்ப்பவர்களுக்கு. உண்மையில் அது கண்ணுக்கே தெரியாத குட்டித் துகள்களின் பெருங்கூட்டம். கோடி கோடியாக ஒன்றையொன்று கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தன. ஒருவரும் வெளியே போனதில்லை. அதனால் கற்பூரத்துக்கு அப்போது வாசனையும் கிடையாது.

பக்கத்து மரத்துக் கொடியில் தொங்கிய காய்ந்த மிளகு ஒன்று அதன் சிநேகிதன். தும்மல் வருமுன் மூக்குக்குள் ஒரு ‘கிர்ர்ர்’ கேட்குமே, அதுதான் மிளகின் குரல்.

ஒரு காலையில் பனி இறங்கிக் காடே மறைந்தது. தாய் யானை ஒன்று தட்டுத் தடுமாறி வந்தது.

“ப்ர்ராங்! என் புள்ளையக் காணோம். நான் ஒரு தடவை கூப்பிட்டா நாலு மலையும் ‘ப்ர்ராங், ப்ர்ராங்’னு கூப்பிடுது. எது அம்மான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் பள்ளம் வேற இருக்கு.”

கற்பூரம் சொன்னது: “யானைம்மா, என் பக்கத்திலேயே நில்லுங்க. கத்தாதீங்க.” பிறகு தன் துகள்களிடம், “கையை விடுங்கடா செல்லங்களா. போய்க் குட்டியோட தும்பிக்கையைத் தொடுங்க” என்றது.

“ஐ! நான் முதல்ல! நான் முதல்ல!”

“திரும்பி வர வழி?” என்று ஒன்று மட்டும் கேட்டது.

கற்பூரம் உள்ளதைச் சொன்னது: “தெரியாதுடா கண்ணு.”

“சரி, பரவாயில்ல” என்று அதுவும் கிளம்பியது.

“யாரும் போன மாதிரியே தெரியலையே! சும்மா கதை விடுறியா?” என்றது மிளகு.

வெகுநேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. பின்னாலேயே குட்டி யானை ஓடிவந்து அம்மாவின் காலுக்கடியில் புகுந்துகொண்டது.

“அம்மா, யாரோ என் மூக்கைத் தொட்டாங்க! பார்த்தா யாருமே இல்ல. எந்தப் பக்கம் நிறையத் தொட்டாங்களோ, அந்தப் பக்கமே வந்துட்டேன்.”

பனி விலகியது. பாறை இருந்த இடத்தில் ஒரு தேங்காய் அளவுதான் மிச்சம். யாரும் உடைக்கவில்லை, தரையில் ஒரு பொடிகூடச் சிந்தவில்லை.

“டேய், மீதி எங்கடா?” என்று மிளகு அலறியது.

“காட்டை மோந்து பாரு. அங்கதான் இருக்காங்க.” கற்பூரத்தின் குரலும் சிறுத்திருந்தது. “ஒருதடவை விட்ட கை, இப்ப இறுகவே மாட்டேங்குது. ஒவ்வொருத்தரா நழுவுறாங்க. பயமா இருக்குடா.”

மிளகு கொடியிலிருந்து பொத்தென்று குதித்து, கற்பூரத்தின் மடியில் உட்கார்ந்துகொண்டது.

“கிர்ர்ர்! எவனாவது நகர்ந்தீங்க, தும்ம வச்சுப்புடுவேன்!”

துகள்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்த சிரிப்பில் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டன. அப்படியும் ஓரத்தில் ஒன்றிரண்டு நழுவத்தான் செய்தன. மிளகு அதைப் பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பத்திரமாப் போங்கடா” என்று முணுமுணுத்தது.

அன்று முதல்தான் கற்பூர டப்பாவில் நாலு மிளகைப் போட்டு மூடிவைக்கிறோம்; அப்படியும் மூடியைத் திறந்ததும், கண்ணுக்குத் தெரியாத யாரோ ஓடிவந்து நம் மூக்கைத் தொடுகிறார்கள்.