கை தட்டுனது யாரு?

எங்க கட்சியில நகரச் செயலாளர் பதவிக்கு சேவுகனும் காளியப்பனும் போட்டி. மேடையில சேவுகன் காளியப்பனை நாறடிக்கிறாரு. நம்ம ஆளுங்களோ குனிஞ்சு செல்போனை நோண்டுறாங்க.

மைக்செட் போடுற சோணைமேல சேவுகன் பாய்ஞ்சாரு: "கைதட்டல் வரணும்டா! வரலைன்னா இனிமே கட்சிக் கூட்டத்துக்கு உன் செட்டு கிடையாது!"

சோணை ஒரு குழாய் ஸ்பீக்கரை எதிர்க்கட்சி ஆபீஸ் பக்கம் திருப்பிவிட்டான். கொஞ்ச நேரத்துல ஒரு கும்பல் ஓடிவந்து, பின்னாடி நின்னு விசிலடிச்சுத் தட்டுச்சு.

"பாத்தியாடா என் பேச்சை!"

"அண்ணே, அவங்க வேட்டிக் கரையையும் பாருங்க."

பாத்தாரு. எல்லாம் எதிர்க்கட்சிக் கரை.

"ஹுக்கும்..." தொண்டையைச் செருமினாரு. "அண்ணன் காளியப்பன் ஜெயிச்சாலும் நான் அவருகூடதான் நிப்பேன்."

பின்னாடி கப்சிப். முன்னாடி நம்ம ஆளுங்க செல்போனைப் பையில போட்டுட்டுத் தட்ட ஆரம்பிச்சாங்க.