பாதரசம் இறங்கிய காலை

அதற்கு எடை உண்டு. எந்தத் தராசிலும் நிறுத்துத் தர மாட்டார்கள். நீங்கள் பிறந்த நாளிலிருந்து உங்கள் தலைமேல் இருக்கிறது. ஒருநாளும் கழுத்து வலித்ததில்லை. அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

ஸ்பெயினின் வடகரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். அங்கே கம்பத்தில் கறுப்புக் கூம்பு ஏறினால் புயல் வருகிறது என்று பொருள். படகுகள் கடலுக்குப் போகா. கூம்பை ஏற்றும் பொறுப்பு டோன்யா கசில்டாவுக்கு. அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்த சிறுமி நெரேயா.

அன்று காலை அவர் கூம்பின் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

"இன்று முடிவு உன்னுடையது."

வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. காற்றின் வேகத்தைக் காட்டும் அனெமோமெத்ரோவின் கிண்ணங்கள் அசையவில்லை. பக்கத்தில் பரோமெத்ரோ. அதன் கண்ணாடிக் குழாயில் பாதரசம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது.

கீழே அவளுடைய அப்பா படகில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார். வெகுநாள் கழித்து மத்திமீன் கூட்டம் வந்திருந்தது.

"என்ன மகளே, கம்பத்தில் துணி காயப்போடப் போகிறாயா? நல்ல வெயில்!" என்று கத்தினார். துறையே சிரித்தது.

நெரேயா தன் ஆசிரியையிடம் திரும்பினாள். "மாயெஸ்த்ரா, அனெமோமெத்ரோ காற்றே இல்லை என்கிறதே?"

"அனெமோஸ் என்றால் கிரேக்கத்தில் வீசும் காற்று. மெத்ரோன் என்றால் அளவு. வீசினால்தான் அது பேசும்."

"பரோமெத்ரோ?"

"பாரோஸ் என்றால் பாரம்."

"எதன் பாரம்?"

டோன்யா கசில்டா விரலை மேலே நீட்டினார்.

"அங்கே ஒன்றுமே இல்லையே!"

"அந்த ஒன்றுமில்லாததுதான் இந்தப் பாதரசத்தை அழுத்தி, குழாயில் நிறுத்திவைத்திருக்கிறது. நாம் காற்றின் அடியில் நிற்கிறோம், நெரேயா."

அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அதன்மேல் வானம் தன் முழு உயரத்துக்கும் நின்றது. கை தாழவில்லை. வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"பாதரசம் இறங்கினால் பாரம் குறைகிறது. குறைந்தால் நல்லதுதானே?"

"குறைந்த இடத்தை நிரப்ப நாலாபக்கமிருந்தும் காற்று ஓடிவரும்."

கீழே அப்பா படகின் கட்டை அவிழ்க்கக் குனிந்தார்.

"கூம்பை ஏற்றி, புயல் வராவிட்டால்?"

"சிரிப்பார்கள்."

"ஏற்றாமல் விட்டு, வந்துவிட்டால்?"

"சிரிக்க ஆள் இருக்காது."

நெரேயா கூம்பை ஏற்றினாள்.