கொய்யா வளைவு

தீ கக்கி ஓய்ந்துபோன மலை ஒன்று ஒரு தீவில் இருந்ததாம். அது கக்கிய குழம்பெல்லாம் ஆறி, உடைந்து, கறுப்புச் சரளையாகக் கிடந்தது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. தண்ணீரில் போட்டால் சில கல் மிதக்கும். அந்தச் சரளைமேல்தான் காடு வளர்ந்திருந்தது.

அங்கே சைக்கிள் ஓட்டவென்றே தடித்த டயர் மாட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குக் காட்டுக்குள் பாதை போடுகிறவள் செங்கமலம். முப்பத்தைந்து வயது இருக்கும். அவளிடம் தொழில் கற்க வந்த குழந்தைவேலுவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதற்கு முன்னால் அவர் வேறு மலையில் பஸ் ஓட்டியவர். அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிடுவார். முதலில் கேலிக்குத்தான் அப்படிச் சொன்னார், பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அவள் அவரை அண்ணே என்பாள்.

மழைக்காலம் முழுக்க மேகமூட்டத்துக்குள் நின்றே குழந்தைவேலு தன் முதல் பாதையைப் போட்டார். முகட்டில் தொடங்கி, மூங்கில் காட்டுக்குள் நுழைந்து, இறுகிய குழம்புப் பாறையைச் சுற்றிக்கொண்டு ஊருக்கு இறங்கும் பாதை. வெயில் வந்ததும் திறந்தார்கள். ஓட்டியவர்கள் எல்லாரும் நல்ல பாதை என்றார்கள். ஆனால் ஒரு வளைவில் விழுந்தார்கள்.

காட்டுக்கொய்யா நிற்கிற வளைவு. அப்படி ஒன்றும் கடுமையானது இல்லை. அதைவிட மோசமான வளைவுகளில் யாரும் விழவில்லை. இதில் மட்டும் தெரிந்தவனும் விழுந்தான், தெரியாதவனும் விழுந்தான்.

ஜெனோவா என்ற பெண் விழுந்து காறை எலும்பு முறிந்தபோது, ஊர்த் தலைவர் கோமதிநாயகம் சொல்லி அனுப்பினார். "வெள்ளிக்கிழமை நானே வந்து பார்ப்பேன். அதுக்குள்ள சரியாகலைன்னா பாதையை மூடிடுவோம். அப்புறம் திறக்கிற பேச்சே கிடையாது."

குழந்தைவேலு செங்கமலத்தை வளைவுக்கு அழைத்துப் போனார்.

"பஸ் ஓட்டினப்போ யாரோ போட்ட ரோடு வாத்தியாரம்மா. இது நான் போட்டது. மூடிட்டா எனக்கு இன்னொண்ணு போட மனசு வராது. ஏன் இங்கே விழறாங்க?"

செங்கமலம் குனிந்து சரளையை அள்ளிப் பார்த்தாள். வளைவின் சரிவை உள்ளங்காலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு கொஞ்ச தூரம் மேலே ஏறிப் போய், மரங்களுக்கு நடுவே ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நீங்க இங்கே விழுந்திருக்கீங்களா அண்ணே?"

"ஒரு தடவைகூட இல்லை."

"ஏன்?"

"ஏன்னா? ஒழுங்கா ஓட்டறேன். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன்."

"விழுந்தவங்க எல்லாரும் ஒழுங்கா ஓட்டத் தெரியாதவங்களா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

"அப்போ நீங்க ஏன் விழலைன்னு கண்டுபிடிங்க," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள்.

இது என்ன கேள்வி என்று அவருக்குப் புரியவில்லை. விழுந்தவனைப் பார்த்துக் கேட்கலாம். விழாதவனை யார் கேட்பார்கள்? வளைவிலிருந்த சரளையைப் பெருக்கித் தள்ளினார். 'மெதுவாகச் செல்லவும்' என்று பலகை எழுதி நட்டார். அன்று மாலையே ஒருவன் அந்தப் பலகைமேல் போய் மோதி, காலை ஊன்றித் தப்பித்தான்.

"என்னப்பா ஆச்சு?"

"கல்லு வழுக்கிடுச்சு."

"கல்லே இல்லையேப்பா இப்போ."

அவன் கீழே பார்த்தான். "அட, ஆமா," என்றான்.

மறுநாள் அவர் ஜெனோவாவின் வீட்டுக்குப் போனார். ஒரு கையைத் துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் வாசலில் மற்றக் கையால் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா விழுந்தே?"

"கல்லு வழுக்கிடுச்சு மாமா."

"எல்லாரும் இதையே சொல்றீங்க. அதுக்கு முன்னாடி?"

அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அம்மாகிட்டே சொல்லாதீங்க. சைக்கிளைப் பிடுங்கி வச்சிடுவாங்க. பராக்குப் பார்த்துட்டேன்."

"எதை?"

"ஏரியைத்தான்."

"எந்த ஏரி?"

ஜெனோவா அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"மாமா, அந்தப் பாதையை நீங்கதானே போட்டீங்க?"

"நான்தான்."

"கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில சாப்பிட்டுட்டு, பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்காமலே வந்தேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"ஏரியைப் பார்த்துத்தான் விழுந்தோம்னு தலைவர்கிட்டே ஏன் யாருமே சொல்லலை?"

"பராக்குப் பார்த்து விழுந்தேன்னு யாராவது வாயைத் திறந்து சொல்வாங்களா?"

அடுத்த நாள் விடிந்ததும் குழந்தைவேலு முகட்டிலிருந்து சைக்கிளில் இறங்கினார். பார்த்தே தீருவது என்றுதான் இறங்கினார். சக்கரத்துக்குக் கீழே சரளை பொரி மிதிபட்ட மாதிரி நொறுங்கியது. மூங்கில் போயிற்று, பாறை போயிற்று, கொய்யாவும் போயிற்று. ஊர் வந்த பிறகுதான் நினைவு வந்தது. கண் பாதையைவிட்டு அசையவே இல்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்ப ஏறினார்.

இந்தமுறை இறங்கும்போது பாறையைத் தாண்டியதும் கழுத்தைப் பிடித்துத் திருப்பினாற்போல் தலையை நிமிர்த்தினார்.

மரங்களுக்கு நடுவே, வெகு கீழே, மலையின் பழைய வாய்க்குள் தண்ணீர் நின்றது. ஊறவைத்த பாசிப்பயறின் பச்சை. அதன்மேல் ஆவி, அடுப்பை அணைத்த பிறகும் அடங்காத கொதி மாதிரி, மெல்ல எழுந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளைப் பறவை அதைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டது.

அது அக்கரை சேர்வதற்குள் குழந்தைவேலு கொய்யாப் புதருக்குள் கிடந்தார். பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. முழங்கை எரிந்தது. எழுந்ததும் முதலில் மேலே நடந்து போய், பறவை போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தார்.

அவர் ஊருக்குத் திரும்பியபோது செங்கமலம் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"விழுந்துட்டேன் வாத்தியாரம்மா."

"கல்லு வழுக்குச்சா?"

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவர் முழங்கையைக் கழுவினாள்.

"இனிமே கவலை இல்லை," என்றார். "ஏரி தெரியற இடத்துல மூங்கில் தட்டி கட்டிடறேன். பார்க்க முடிஞ்சாத்தானே விழுவாங்க?"

"கட்டுங்க. கத்தி அங்கே இருக்கு. கயிறும் இருக்கு."

இவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

பொழுது சாயும்போது செங்கமலம் மேலே ஏறி வந்தாள். பாதையோரம் வரிசையாகத் தட்டி கட்டியிருந்தது. நடுவில் ஒரு இடைவெளி.

"முடிஞ்சுதா அண்ணே?"

"முக்கால்வாசி."

"நடுவுல விட்டுப்போச்சே."

"தட்டி பத்தலை."

அவர் காலடியில் கிடந்த தட்டிகளைச் செங்கமலம் பார்த்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்றாள். இடைவெளி வழியாக ஏரி தெரிந்தது.

அவரே பேசினார். "பஸ்ல போறப்போ, மலைத் திருப்பத்துல எல்லாரும் ஒரு பக்கத்து ஜன்னலுக்கு ஓடுவாங்க. பஸ் அந்தப் பக்கமா இழுக்கும். நான் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் இறுக்கிப் பிடிச்சுப்பேன்."

"எதைப் பார்க்க ஓடினாங்க?"

"கேட்டதே இல்லை."

ஏரி இருட்டத் தொடங்கியது. செங்கமலம் ஒரு தட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைக் கட்டணுமா, அவிழ்க்கணுமா?"

"அவிழ்த்தா விழுவாங்களே."

"ஆமா."

"ஆனா இப்போ நாம பார்த்துட்டுத்தானே இருக்கோம். விழலையே."

குழந்தைவேலு குனிந்து, தரையில் ஊன்றி நின்ற தன் கால்களைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார்.

வெள்ளிக்கிழமை தலைவர் கோமதிநாயகம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கீழிருந்து ஏறி வந்தார். பின்னால் கடப்பாரையோடு இரண்டு ஆட்கள். பாதையை அடைக்கப் பெரிய பெரிய பாறைகளாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். கொய்யா வளைவில் செங்கமலம் நின்றிருந்தாள்.

"வளைவு அப்படியே இருக்கேம்மா," என்றார் தலைவர். "என்னதான் பண்ணினாரு உங்க சீடர்?"

"மேலே பாருங்க."

வளைவுக்கு மேலே பாதையோரத்தில் நாலைந்து சைக்கிள் நிறுத்தும் அகலத்துக்குச் சரிவை வெட்டி, மண்ணைக் கெட்டித்து வைத்திருந்தது. அதன் விளிம்பில் குழந்தைவேலு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"வளைவைச் சரி பண்ணச் சொன்னா, இவரு மேலே போய்த் திடல் வெட்டி வச்சிருக்காரு! சைக்கிள் ஓட்ட வர்றவன் ஓட்டுவானா, அங்கே போய் நிப்பானா?"

"அவரையே கேளுங்க தலைவரே."

"குழந்தைவேலு!"

பதில் இல்லை.

"யோவ், குழந்தைவேலு! காதுல விழலையா?"

அவர் திரும்பவே இல்லை. தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. சைக்கிளைக் கொய்யாவில் சாத்திவிட்டு விறுவிறுவென்று ஏறிப் போனார். குழந்தைவேலுவின் தோளைத் தொட்டுத் திருப்பக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

கீழே நின்ற ஆட்கள் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. மேலே இப்போது இரண்டு முதுகுகள் தெரிந்தன.

மூத்தவர் கடப்பாரையை ஒரு பெரிய பாறைக்கு அடியில் கொடுத்தார். "என்னம்மா இது? பாறையை உருட்டவா, வேண்டாமா?"

"உருட்டுங்க அண்ணே," என்றாள் செங்கமலம். "மேலே கொண்டுபோய்ப் போடுங்க. பாவம், ரெண்டு பேரும் எவ்வளவு நேரம் நின்னுகிட்டே இருப்பாங்க?"