கொம்பைத் தேடிய கேமரா

ஒரு காட்டில், குழந்தைகளே, நடுங்கி நடுங்கியே தண்ணீர் குடிக்கும் மான் கூட்டம் ஒன்று இருந்தது. குளத்தங்கரைக்குப் புலி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் ஆண்மான்கள் கூடி ஒரு மென்பொருள் எழுதின. கரையில் இருந்த நாவல் மரத்தில் கேமராவையும் அபாயச் சங்கையும் கட்டின. புலியைக் கண்ட மான் அதன் முன்னே ஓடிவந்து காலால் தரையை உதைத்தால் போதும், காடு முழுக்கச் சங்கு அலறும். குரங்குகள் விளையாட்டுக்கு உதைத்தால் அலறாது. வந்து நிற்பது மான்தானா என்று கேமரா முதலில் பார்த்துக்கொள்ளும்.

மருளி என்ற பெண்மானுக்கும் மென்பொருள் எழுத நன்றாகத் தெரியும். என்ன பயன்? கூட்டம் நடக்கும்போது அறுகம்புல் கொண்டுவந்து வைக்கும் வேலைதான் அதற்குக் கிடைத்தது.

மருளியின் குட்டி அந்தக் குளத்தில்தான் தண்ணீர் குடிக்கும். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? ஒருநாள் மருளி கேமரா முன்னே நின்று உதைத்துப் பார்த்தது. சங்கு வாயே திறக்கவில்லை. மரத்தடியில் இருந்த கணினியின் திரையில் ‘இது புதர்’ என்று எழுத்து வந்தது.

மருளி மென்பொருளைப் படித்துக் குறையைக் கண்டுபிடித்து, ஒரு திருத்தமும் எழுதிக்கொண்டு தலைவன் கவைக்கொம்பனிடம் ஓடியது.

“தலைவரே, கேமராவுக்கு என்னை மான் என்றே தெரியவில்லை! யாரை வைத்துச் சோதித்தீர்கள்?”

“எங்களை வைத்துத்தான். ஒருமுறைகூடத் தவறவில்லையே! நீ சரியாக உதைத்திருக்க மாட்டாய்.”

“அது கொம்பைத் தேடுகிறது. எங்களுக்குக் கொம்பு ஏது? உடம்புப் புள்ளியைப் பார்த்து அறியும்படி திருத்தி எழுதியிருக்கிறேன். சேர்த்துவிடலாமா?”

ஆண்மான்கள் சிரித்தன.

“நீ எழுதியதா? வீணாகப் பயப்படாதே, அம்மா. போய்ப் புல்லைக் கொண்டுவா” என்றது கவைக்கொம்பன்.

அன்றிலிருந்து மருளிக்குத் தூக்கமே இல்லை. குட்டி குளத்துக்குப் போனால் கூடவே போய், காதை விடைத்துக்கொண்டு நிற்கும். இலை அசைந்தாலும் குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடும்.

ஆண்மானுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். அந்த ஆண்டு முதலில் உதிர்ந்தது கவைக்கொம்பனுக்குத்தான். மொட்டைத் தலையோடு அது குளத்துக்கு வந்தது. குட்டிகள் தண்ணீரில் வாய் வைத்திருந்தன. நாணலுக்குள் புலியின் கண்கள் தெரிந்தன!

கவைக்கொம்பன் கேமரா முன்னே ஓடி உதைத்தது. சங்கு ஊதவில்லை. மறுபடி உதைத்தது. ‘இது புதர்’ என்றது திரை.

“ஐயோ, நான் தலைவன்! என்னையா தெரியவில்லை?” என்று அது கதறியது.

புலி பாயத் தயாராகப் பதுங்கியது. மருளி கணினியிடம் ஓடி, தன் திருத்தத்தைச் சேர்த்தது.

“இப்போது உதையுங்கள்!”

சங்கு அலறியது. குட்டிகள் சிதறி ஓடின. சத்தத்தில் மிரண்ட புலிக்குக் குறி தவறியது. அதன் நகம் கவைக்கொம்பனின் தொடையைக் கிழித்ததோடு சரி, எல்லா மான்களும் உயிர் தப்பின.

கவைக்கொம்பன் நொண்டியபடி மருளியிடம் வந்தது. “இவ்வளவு பெரிய குறையை நீ இன்னும் உரக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“உரக்கத்தான் சொன்னேன், தலைவரே. அப்போது உங்கள் தலையில் கொம்பு இருந்தது.”

நீதி: எல்லோருக்கும் பயன்பட வேண்டியதைச் சிலர் மட்டும் கூடிச் செய்தால், அது ஒருநாள் அந்தச் சிலரையும் கைவிடும்.